காட்டில் பிடித்த சாலமாண்டரை வீட்டில் வளர்க்கலாமா? வெப்பநிலை, தீனி, சட்டம்: முழு விளக்கம்

2021 ஜூனில் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் ஆக்சலாட்டல் என்ற சாலமாண்டர் நுழைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மெக்சிகோ தன்னுடைய புதிய 50 பெசோ நோட்டில் அதை அச்சிட்டது. சிரித்த முகமும் காதோரம் இறகு மாதிரி செவுளும் கொண்ட அந்த உயிர் அதன்பிறகு ரீல்ஸ், பொம்மை, டி-ஷர்ட் என்று எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: "மீன்தொட்டி ஏற்கெனவே இருக்கு. ஒரு சாலமாண்டர் வாங்கி விட்டா என்ன?"

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் இப்போது இரண்டு பக்கமும் பதில் தேட வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம், அந்த உயிரின் உடம்பு எதைத் தாங்கும் என்பது. இன்னொரு பக்கம், 2022-ல் திருத்தப்பட்ட காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 2024-ல் வந்த பதிவு விதிகளும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வாங்கும் விலைதான் இந்தக் கணக்கிலேயே மிகச் சிறிய எண் என்று தெரிகிறது.

சுருக்கமாக:

• இந்தியக் காடுகளில் வாழும் சாலமாண்டரைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். "சும்மா ஒண்ணே ஒண்ணு" என்பதற்கும் விலக்கு இல்லை.
• சைட்ஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனம் என்றால், வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.
• பெரும்பாலான இனங்களுக்கு 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் நிம்மதி. நம் ஊர் வீடுகளில் அது தானாகக் கிடைக்காது.
• காட்டில் பிடிபட்டவை பல நேரம் தீனியைத் தொடாது. புதிதாக வளர்ப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

சாலமாண்டர் என்றால் பல்லியா?

இல்லை. பார்க்கப் பல்லி மாதிரி இருந்தாலும், இது தவளையின் உறவு. பல்லிக்குச் செதில் உண்டு, சாலமாண்டருக்குக் கிடையாது. ஈரமான, மெல்லிய தோல் மட்டுமே. அந்தத் தோல் வழியாக நீரும் ஆக்சிஜனும் உள்ளே போகும். குளோரின், அம்மோனியா, பூச்சிக்கொல்லி என்று வெளியே எது இருந்தாலும் அதுவும் போகும். உலகில் அறியப்பட்ட சாலமாண்டர் இனங்களில் பாதிக்கு மேற்பட்டவைக்கு நுரையீரலே கிடையாது. தோலாலும் வாயின் உட்சவ்வாலும்தான் மூச்சு. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால், கீழே வருகிற எல்லா விதிகளுக்கும் காரணம் புரிந்துவிடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தவளைகள் ஏராளம். மண்புழு போல இருக்கும், காலில்லாத சிசிலியன்களும் உண்டு. ஆனால் சாலமாண்டர் கிடையாது. இந்தியாவில் அது வாழ்வது கிழக்கு இமயமலையிலும் வடகிழக்கிலும்தான். டார்ஜிலிங் மலையில் சுகியாபோக்ரிக்கு அருகே உள்ள ஜோர்போக்ரி, இமாலய சாலமாண்டருக்காகவே 1985-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு வெறும் 0.04 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 10 ஏக்கர். டார்ஜிலிங்கில் உள்ள பத்மஜா நாயுடு இமாலய விலங்கியல் பூங்கா இந்த இனத்தைப் பாதுகாத்து இனப்பெருக்கம் செய்யும் பணியிலும் ஈடுபட்டிருக்கிறது.

காட்டில் பிடித்ததுக்கும் பண்ணையில் பிறந்ததுக்கும் என்ன வித்தியாசம்?

ஆக்சலாட்டலை எடுத்துக்கொள்வோம். சந்தையில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே பல தலைமுறைகளாகத் தொட்டியில் பிறந்தவை. 1860-களில் பாரிஸுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு சிறு கூட்டத்திலிருந்து தொடங்கிய வம்சம் அது. அதன் சொந்த ஊரான மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ கால்வாய்களில் நிலைமை நேர்மாறு. 1998 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தன. 2014-ல் அது சுமார் 36 ஆகிவிட்டது.

சிறிய சாலமாண்டர்களின் கதை வேறு. சீனாவின் ஃபயர் பெல்லி நியூட் என்பது விரல் நீளமே உள்ள, வயிறு மட்டும் செம்மஞ்சளாக இருக்கும் ஒரு சின்ன உயிர். இதுவும் இதன் உறவினங்களும் பல பத்தாண்டுகளாக ஓடைகளிலும் வயல் நீரிலும் அள்ளப்பட்டு உலகச் சந்தைக்குப் போயின. 2010 முதல் 2014 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்கா மட்டும் 7.5 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிருள்ள சாலமாண்டர்களை இறக்குமதி செய்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆசிய இனங்கள். பண்ணையில் வளர்க்கச் செலவாகும். அள்ளுவதற்கு வலை போதும். மலிவாகக் கிடைத்ததன் காரணம் அதுதான்.

அள்ளப்பட்ட விலங்கு கடைக்கு வருவதற்குள் பல நாள் பட்டினி, நெரிசல், வெப்பம், மற்ற இனங்களோடு ஒரே நீரில் கிடப்பது என்று எல்லாவற்றையும் கடந்து வருகிறது. குடற்புழுவும் தோல் காயமும் சகஜம். வெளியே பார்த்தால் அமைதியாக இருக்கும். "ரொம்ப சாது"ன்னு கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் சோர்வைத்தான்.

2023-ல் நேச்சர் இதழில் வெளியான உலக நீர்நில வாழ்விகள் மதிப்பீடு 8,011 இனங்களை ஆராய்ந்தது. ஐந்தில் இரண்டு இனங்கள் அழியும் அபாயத்தில் இருக்கின்றன. சாலமாண்டர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் அது ஐந்தில் மூன்று. தவளைகளைவிட மோசமான நிலை இது. அந்தப் பின்னணியில்தான் "காட்டில் பிடித்த ஒன்று" என்ற சொல்லைப் படிக்க வேண்டும்.

முதல் பிரச்சினை: வெப்பநிலை

ஆக்சலாட்டலுக்கு ஏற்ற நீர் 16 முதல் 18 டிகிரி. 24-ஐத் தாண்டினால் தீனியை விடும், செவுள் சுருங்கும், பூஞ்சை பிடிக்கும். ஃபயர் பெல்லி நியூட்டுக்கும் 20-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். வட அமெரிக்கக் காட்டுத் தரையில் வாழும் நுரையீரல் இல்லாத சிறிய இனங்களுக்கு இன்னும் குளிர்ச்சி தேவை.

சென்னையில் மே மாதப் பகல் வெப்பம் சராசரியாக 37 டிகிரியை ஒட்டி இருக்கும். ஏசி இல்லாத அறையில் தொட்டி நீர் அறையின் வெப்பத்தையே பிடித்துக்கொள்ளும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 18 டிகிரி நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 9.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 தான். வெப்பம் கூடும்போது விலங்குக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை, நீரில் இருப்பதோ குறைவு.

"ஐஸ் பாட்டில் போட்டா போச்சு" என்ற யோசனை ஒரு மதியத்துக்கு உதவும். தினமும் செய்தால் வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஏற்ற இறக்கமே நோயைக் கொண்டுவரும். நிரந்தரத் தீர்வு சில்லர் இயந்திரம்தான்.

அதன் மின் செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 150 வாட் சில்லர் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1.8 யூனிட், மாதத்துக்கு 54, இரண்டு மாதத்துக்கு 108. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச 100 யூனிட்டை ஒரு தொட்டியே முழுசாகச் சாப்பிட்டுவிடும். கரன்ட் போனால்? இன்வெர்ட்டர் கணக்கு தனி.

வீடு எப்படி இருக்க வேண்டும்?

சட்டப்படி வாங்கியதாகவே இருந்தாலும், புதிதாக வந்த விலங்கை நேராக அழகான தொட்டியில் விடக் கூடாது. முதல் 60 முதல் 90 நாள் தனிமைப்படுத்தல். இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம்: காற்றோட்டத் துளையிட்ட மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டி, ஈரமான வெள்ளை டிஷ்யூ பேப்பர், ஒளிந்துகொள்ள இரண்டு இடம், ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு. நீரில் வாழும் இனம் என்றால் வெறும் தொட்டியும் ஒளிவிடமும். டிஷ்யூவில் எச்சம் தெரியும், ரத்தம் தெரியும், சாப்பிடாமல் விட்ட தீனியும் தெரியும். வாரம் ஒருமுறை கிராமின் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். 5 கிராம் விலங்கு அரை கிராம் இழந்தால் அது உடம்பில் பத்து சதவீதம். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

தரைவாழ் இனங்களின் நிரந்தர வீட்டுக்குத் தென்னைநார்த் தூள், காய்ந்த இலை, மரப்பட்டை, பாசி போதும். தென்னைநார்த் தூள் நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அதில் உப்பு இருக்கலாம், பலமுறை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். ஒரு பக்கம் நல்ல ஈரம், மறுபக்கம் லேசான ஈரம் என்று இருந்தால் விலங்கே தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும். மொத்தமும் சொதசொதவென்று இருந்தால் தோல் அழுகும்.

நீர்வாழ் இனம் என்றால், விலங்கு வருவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே ஃபில்டரை ஓடவிட வேண்டும். அம்மோனியாவை உடைக்கும் பாக்டீரியா வளர அவ்வளவு காலம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே விலங்கு. குழாய் நீரில் குளோரின் நீக்கும் திரவம் கட்டாயம். "ஆர்ஓ தண்ணிதான் சுத்தம்"ன்னு அப்படியே ஊற்றினாலும் தவறு. அதில் தாது உப்பு ஏறக்குறைய இல்லை.

மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். நியூட்கள் ஈரமான கண்ணாடியில் செங்குத்தாக ஏறிவிடும். காலையில் சோஃபாவுக்கு அடியில் காய்ந்து கிடப்பதைப் பார்ப்பது, வளர்ப்பவர்கள் அதிகம் சொல்லும் முடிவுகளில் ஒன்று.

நம் வீடுகளுக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. கொசுவர்த்தி, லிக்விட் மெஷின், கரப்பான் ஸ்ப்ரே ஆகியவற்றில் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை ரசாயனம். நீர்வாழ் உயிர்களுக்கு அது கடும் நஞ்சு. கொசு உள்ள ஊரில், ஜன்னல் திறக்காத ஏசி அறையில், இதை எப்படிச் சமாளிக்கப் போகிறீர்கள் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும்.

கையில் எடுத்துக் கொஞ்சும் உயிரும் இல்லை இது. நம் கையின் சூடும் உப்பும் அதன் தோலைப் பாதிக்கும். ஃபயர் பெல்லி நியூட்டின் தோலில் டெட்ரோடோடாக்சின் உண்டு; பஃபர் மீனில் இருக்கும் அதே நஞ்சு. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

தீனி: எது கொடுக்கலாம், எது கூடாது?

காட்டில் வளர்ந்த சாலமாண்டருக்குத் தீனி என்றால் அசைய வேண்டும். பெல்லட்டை அது உணவாகவே பார்க்காது. அளவுக்கு ஒரு எளிய விதி: இரண்டு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிட இரை அகலமாக இருக்கக் கூடாது. விரல் நீளச் சாலமாண்டருக்கு அது சில மில்லிமீட்டர்தான்.

அந்த அளவில் கிடைப்பவை: ஸ்பிரிங்டெயில் என்ற மண் பூச்சி, பறக்காத பழ ஈ, அப்போதுதான் பொரித்த சுவர்க்கோழிக் குஞ்சு, பொடியாக நறுக்கிய மண்புழு. நீர்வாழ் இனத்துக்கு டாஃப்னியா, ரத்தப்புழு. வளர்ந்த விலங்குக்கு வாரம் இரண்டு, மூன்று முறை, மாலையில் வெளிச்சம் குறைந்த பிறகு. பூச்சிகளின் மேல் கால்சியம் பொடி தூவ வேண்டும். இல்லையென்றால் எலும்பு வலுவிழக்கும்.

கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் நீங்கள் வளர்க்கப்போவது ஒரு விலங்கை மட்டும் இல்லை, அதன் தீனியையும்தான். பழ ஈ 25 டிகிரியில் சுமார் பத்து நாளில் முட்டையிலிருந்து ஈயாகிவிடும். 30 டிகிரியை எட்டினால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். பாட்டில் அப்படியே நின்றுவிடும். ஆக, கோடையில் சாலமாண்டருக்கு மட்டும் அல்ல, அதன் சாப்பாட்டுக்கும் குளிர்ச்சி வேண்டும். ஒன்று கெட்டால் இன்னொன்று என்று எப்போதும் இரண்டு, மூன்று பாட்டில் தனித்தனி வயதில் ஓட வேண்டும்.

மண்புழுவிலும் ஒரு பொறி இருக்கிறது. மண்புழு உரக் குழிகளில் அதிகம் வளர்க்கப்படும் ஐசீனியா ஃபெட்டிடா என்ற செம்புழு, ஆபத்து வந்தால் கசப்பான திரவம் விடும். வாயில் வைத்த சாலமாண்டர் துப்பிவிடும். அதற்குப் பிறகு மற்ற புழுவையும் சந்தேகமாகவே பார்க்கும். மீன் கடைகளில் கிடைக்கும் டியூபிஃபெக்ஸ் புழு அழுக்கு நீரில் வளர்வது. கிருமியோடு வரும் வாய்ப்பு அதிகம். கோழி இறைச்சித் துண்டு, மருந்தடித்த தோட்டத்துப் பூச்சி, எறும்பு, தோல் தடித்த பெரிய புழுக்கள் வேண்டாம்.

காட்டிலிருந்து வந்த விலங்கு முதல் ஒன்றிரண்டு வாரம் சாப்பிடாமல் இருப்பதுண்டு. அப்போது பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பது நிலைமையை மோசமாக்கும். இருட்டு, குளிர்ச்சி, பல வகை உயிருள்ள இரை, தொந்தரவு இல்லாமை: இந்த நான்கும்தான் மருந்து. எடை தொடர்ந்து இறங்கினால் வெளிநாட்டுச் செல்லப்பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் வேண்டும். வாங்கும் முன்பே அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, இந்திய இனம். இமாலய சாலமாண்டர் 1972-ம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. இந்தச் சட்டத்தில் "வேட்டை" என்றால் கொல்வது மட்டும் அல்ல; பிடிப்பதும் வேட்டைதான். டார்ஜிலிங் டூர் போன இடத்தில் குளத்தில் பார்த்த ஒன்றை பாட்டிலில் போட்டுக்கொண்டு வந்தாலும் அதே பிரிவு. 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான மீறலுக்கே மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று தண்டனை கூடியிருக்கிறது. சிறப்புப் பாதுகாப்பு பெற்ற விலங்கு என்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு.

இரண்டாவது, சைட்ஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனம். காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்தான் சைட்ஸ். ஆக்சலாட்டல் அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2019-ல் ஜெனீவாவில் நடந்த மாநாட்டில் இமாலய சாலமாண்டரின் பேரினமான டைலோடோட்ரைட்டான் முழுவதும், பாராமெசோட்ரைட்டான் என்ற நியூட் பேரினம் முழுவதும் அதில் சேர்க்கப்பட்டன. 2022 திருத்தம் சைட்ஸ் இனங்களை இந்தியச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரி 28 அன்று அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, இவற்றை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் 2.0 இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அது 2024 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. புதிதாக வாங்குபவர்களுக்கு 30 நாள்.

மூன்றாவது, சைட்ஸ் பட்டியலில் இல்லாத வெளிநாட்டு இனம். இங்கே பதிவு விதி பொருந்தாது. "அப்போ ஃப்ரீயா?" இல்லை. உயிருள்ள விலங்கை இறக்குமதி செய்ய உரிமமும் விலங்கு நோய்த்தடுப்பு அனுமதியும் வேண்டும். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரப்பட்ட ஊர்வனவும் சிறு குரங்குகளும் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்திகளை நீங்கள் அடிக்கடி படித்திருப்பீர்கள். உரிமம் இல்லாமல் நாட்டுக்குள் வரும் வழி அதுதான். அப்படி வந்த ஒன்றை நகரத்தில் வாங்குபவரிடம் காட்ட எந்த ஆவணமும் இருக்காது.

கடையில் கேட்க வேண்டியவை: எங்கே பிறந்தது, யார் வளர்த்தார், இறக்குமதி ஆவணம் எங்கே, பரிவேஷ் பதிவு எண் என்ன, இப்போது என்ன சாப்பிடுகிறது? "இம்போர்ட்டட்" என்ற ஒற்றைச் சொல் இவை எதற்கும் பதில் அல்ல.

ஒரு சாலமாண்டரால் நாட்டுக்கே என்ன ஆகிவிடும்?

நெதர்லாந்தில் நடந்தது இதற்குப் பதில். அந்நாட்டின் தெற்கே புண்டர்போஸ் காட்டில் மஞ்சள்-கறுப்பு நிற ஃபயர் சாலமாண்டர்கள் திடீரென்று குறையத் தொடங்கின. 2013-க்குள் பழைய எண்ணிக்கையில் சுமார் 4 சதவீதம்தான் மிச்சம். தோலைத் தின்னும் ஒரு புதிய பூஞ்சைதான் காரணம் என்று அந்த ஆண்டு கண்டுபிடித்தார்கள். சுருக்கமாக அதை பி-சால் என்பார்கள். அதன் பூர்வீகம் ஆசியா என்றும், செல்லப்பிராணி வணிகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போயிருக்கலாம் என்றும் 2014-ல் வந்த ஆய்வு சொன்னது. ஆசிய இனங்கள் பல இந்தப் பூஞ்சையோடு வாழப் பழகியவை. நோய் தெரியாமலே சுமக்கும். 2016-ல் அமெரிக்கா 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதியைத் தடை செய்தது இதனால்தான். அடுத்த ஆண்டு கனடாவும் கதவை மூடியது.

இந்தப் பூஞ்சை 10 முதல் 15 டிகிரியில் நன்றாக வளரும். 25 டிகிரியில் பத்து நாள் வைத்தால் செத்துவிடும். சென்னை வெயிலுக்கு அது தாங்காது. ஆனால் டார்ஜிலிங்கின் குளிர்ந்த குளங்கள் அதற்கு ஏற்ற இடம். சில்லர் வைத்து நாம் 16 டிகிரியில் பராமரிக்கும் தொட்டியும் அப்படித்தான்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதே, என்ன செய்வது?

• குளத்திலோ, ஓடையிலோ, ஊட்டி, கொடைக்கானல் பக்கமோ கொண்டுபோய் விடாதீர்கள். அது விடுதலை இல்லை; அந்த விலங்குக்கும் ஆபத்து, அங்குள்ள தவளைகளுக்கும் ஆபத்து.
• தொட்டி நீரை அப்படியே மழைநீர் வடிகாலில் கொட்டாதீர்கள். பிளீச்சிங் திரவம் கலந்து வைத்திருந்து கழிவறையில் ஊற்றுங்கள். வலை, கையுறை, வாளி எல்லாம் அந்தத் தொட்டிக்கு மட்டும்.
• ரசீது, விற்றவரின் விவரம், படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். சைட்ஸ் இனமா என்று பாருங்கள். ஆம் என்றால் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் அலுவலகத்தை அணுகிப் பதிவு நிலையைக் கேளுங்கள்.
• இந்திய இனம் என்று சந்தேகம் வந்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பது ஒன்றே வழி. கொரியரில் இன்னொருவருக்கு அனுப்புவது இன்னொரு குற்றம்.

வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். விலங்கு இல்லாமல் தொட்டியை மட்டும் அமைத்து, ஏப்ரல், மே இரண்டு மாதமும் நீரை 18 டிகிரியில் வைத்திருங்கள். கூடவே பழ ஈ பாட்டில்களையும் சாகாமல் ஓட்டிப் பாருங்கள். தினமும் காலையும் இரவும் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். அறுபது நாளில் ஒரு நாள் 24-ஐத் தாண்டியிருந்தாலும், அன்றைக்கு அந்தத் தொட்டியில் ஒரு சாலமாண்டர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு மாதமும் தாண்டவில்லை என்றால், பண்ணையில் பிறந்த, ஆவணம் உள்ள ஒரு விலங்கைப் பற்றி யோசிக்கலாம். காட்டில் பிடித்ததை அப்போதும் வேண்டாம்.